எலுமிச்சை ஆகாத சாமி

ராயப்பேட்டை காய்கறி மார்க்கெட்டின் பின்புறம் பூமியைப் பிளந்துகொண்டு ஒரு ஜோதி எரிகிறதாம். எண்ணெய் இல்லை, திரி இல்லை. தி. நகருக்குப் புடவை எடுக்க வந்த கூட்டம்கூட ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டது. ஒரு கையால் செல்போனில் லைவ் போட்டு, மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாடு முன்னேறிவிட்டதல்லவா!

ஜோதியானந்த சுவாமிகள் வைத்த விதிகள் இரண்டுதான். மீந்த சோறு, அழுகிய பழம், காய்கறித் தோல் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துக் கொண்டுவந்து பக்கத்துக் குழியில் காணிக்கையாகப் போட வேண்டும். எலுமிச்சம்பழம் மட்டும் ஆகவே ஆகாது. ஊரில் எல்லாச் சாமிக்கும் ஆகிற எலுமிச்சை இவருக்கு ஏன் ஆகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குத்தம்.

அன்று வரிசையின் முன்னால் மீன் விற்கும் வேலம்மா மகளோடு நின்றாள். கையில் அந்தப் பெண்ணின் வலிப்பு மாத்திரை அட்டை.

"அத ஜோதியில போடு தாயே. இனிமே வலிப்பே வராது" என்றார் சுவாமி.

"போடாத வேலம்மா!"

கத்தியவள் கெங்கம்மா. மூன்று வருடம் முன்புவரை இதே இடத்தில், மார்க்கெட் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று அவள் கெஞ்சியபோது இதே ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிரித்த குப்பை வராததால் தொட்டியை மூடிவிட்டார்கள்.

"இன்னா சாமி, எலுமிச்ச ஏன் ஆகாது? நான் சொல்ட்டா? இந்தக் குழி எங்க பழைய தொட்டிதான். அதுல புளிப்பு ஏறுனா கேஸ் வராது. எங்க போர்டுலயே எழுதி வச்சிருந்தோம்."

"நாத்திகக் கழுதை! ஜோதி உன்னை எரிச்சிடும்!"

"எரிக்கட்டும்."

ஆசனத்தின் பின்னால் தொங்கிய பட்டுத்துணியைக் கெங்கம்மா விலக்கினாள். அங்கே ஒரு குழாய், அதில் ஒரு திருகு. மூடினாள். ஜோதி பொசுக்கென்று அணைந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. தீக்குச்சியைக் கிழித்துத் திருகைத் திறந்தாள். ஜோதி எழுந்தது. டீக்கடைக்காரரிடம் பால் பாத்திரத்தை வாங்கி அதன்மேல் வைத்தாள்.

"இப்ப நானும் சாமிதானே? வுழுங்க கால்ல!"

பால் பொங்கியபோது சுவாமியைக் காணோம். பட்டுத்துணியையும் காணோம்.

"முன்னாடி வந்தப்பவே அந்தாளு பேச்சக் கேட்டு நாலு நாளா மாத்திரை குடுக்கலக்கா. நேத்து ரெண்டு வாட்டி வலிப்பு வந்துச்சு" என்று வேலம்மா அழுதாள். அட்டையை அவள் மடியில் முடிந்துவிட்டு, அவளை மகளோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள் கெங்கம்மா.

பக்தகோடிகளே! சாமி கேட்டதும் வீடு வீடாகக் குப்பையைப் பிரித்துச் சுமந்து வந்தீர்களே, கெங்கம்மா கேட்டபோது அந்தக் கைகள் எங்கே போயின? நாற்றம் தாங்கவில்லை என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். மூளையை ஏன் பொத்துகிறீர்கள்?