உள்பக்கம் திருப்பிய முந்நூறு பைகள்

கூச்சம் நல்ல குணம் என்று சொல்பவர்கள் யாரும் கூச்சத்தோடு தொழில் செய்தவர்கள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், மதுரை தல்லாகுளத்தில் ஒரு பேனர் கடையில் எடுபிடியாக இருந்து, முதலாளி டீ குடிக்கப் போகும் நேரங்களில் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி டிசைன் கற்றுக்கொண்டவன். யாரிடமும் சந்தேகம் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் ஆறு மாதத்தில் படித்திருக்கலாம். எனக்கு நாலு வருடம் ஆனது.)

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, நான் செய்கிற பேனரும் மறுநாள் குப்பைதானே என்று உறுத்தியது. வேலையை விட்டுவிட்டு ஆனையூர் வீட்டின் முன்னறையில் துணிப்பைத் தொழில் தொடங்கினேன். மனைவி செல்வி தைப்பாள். நான் படம் போட்டு அச்சடிப்பேன். முதல் பெரிய ஆர்டர், சமயநல்லூரில் ஒரு காதுகுத்து. முந்நூறு தாம்பூலப் பை. இது சொதப்பினால் பழைய கடை வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

குழந்தையின் அப்பா போனில் இரண்டு படங்கள் அனுப்பினார். "ஒண்ணு தாய்மாமன், ஒண்ணு சித்தப்பா. நீங்களே பாத்துப் போட்ருங்கண்ணே."

எந்தப் படம் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒருவருக்கு முறுக்கு மீசை, கூலிங்கிளாஸ், கழுத்தில் சங்கிலி. இன்னொருவர் சட்டைப் பையில் பேனா செருகிய ஒல்லி மனிதர். மதுரையில் தாய்மாமன் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேனரில் போட்டிருக்கிறேன்! மீசைக்காரரைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் உட்கார வைத்தேன். பேனாக்காரர் மூலையில், எலுமிச்சங்காய் அளவில், சித்தப்பா ஆனார்.

விசேஷத்தன்று பைகளைக் கொடுக்க நானும் செல்வியும் மண்டபத்துக்குப் போயிருந்தோம். குழந்தையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பேனாக்காரர்!

"எம்புட்டுச் சீர் கொண்டாந்திருக்கேன்! எங்கக்கா மகளுக்கு இந்த மீசைதான் மாமனா? அப்ப அவரு மடியிலயே வச்சுக் குத்துங்க. நான் போறேன்."

"மாப்ள, கோவிச்சுக்காத மாப்ள..." என்று குழந்தையின் அப்பா கையைப் பிடித்தார். அம்மா அழத் தொடங்கினாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொத்த மண்டபமும் என்னைப் பார்த்தது.

"மன்னிப்பாவது கேளுங்க," என்று செல்வி விலாவில் இடித்தாள்.

வாய் வரவில்லை, கைதான் வந்தது. தரையில் உட்கார்ந்து ஒரு பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். தையல் தெரிந்தாலும் மூஞ்சி தெரியவில்லை. அடுத்த பை. அதற்கடுத்த பை. பத்தாவது பையில் பக்கத்தில் ஒரு சங்கிலி மின்னியது.

"நகருங்கண்ணே, என் மூஞ்சிய நானே மூடுறேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார் மீசைக்காரர்.

பேனாக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தச் சிங்கத்தையும் சேத்து மூடுங்க மச்சான்!" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கக் கையை நீட்டினார்.

மறுவாரம் அந்த விருந்தாளிகளில் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். "அன்னைக்குக் குடுத்த வெறும் பை மாதிரியே வேணும்ணே. அடுத்தவன் மூஞ்சி இல்லாததால மார்க்கெட்டுக்குக் கூச்சமில்லாம எடுத்துட்டுப் போறோம்."

இன்று எங்களிடம் நான்கு தையல் மெஷின்கள் ஓடுகின்றன. பெயரோ படமோ, எல்லாம் பையின் உள்பக்கம்தான். டிசைன் எங்கே படித்தீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், செல்வி முந்திக்கொண்டு ஒரு வெறும் பையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள்.

"இதான் இவுக போட்டதுலயே நல்ல டிசைன்."