மீட்டர் அறைக்குள் நுழையக் கூடாது

சட்டையின் ஒரு கை தைத்தாகிவிட்டது. மறு கை பாதியில் இருக்கும்போது மெஷின் நின்றது, விளக்கும் அணைந்தது.

"போச்சு! இன்னிக்கும் காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்று தலையில் கை வைத்தார் தையல்கார அக்கா.

ஒரு பெரிய ஜவுளிக்கடை முதன்முதலாக நம்பிக் கொடுத்த ஆர்டர். சாயங்காலம் சட்டைகள் போய்ச் சேராவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

லோடு தாங்காமல் விழுந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டால் போதும். ஆனால் அது கீழே மீட்டர் அறையில் இருந்தது. சாவி, வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுத்துக் கட்டடத்தையும் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட்டிடம். கதவில் ‘குடியிருப்போர் நுழையக் கூடாது’ என்று பலகை வேறு.

அக்கா கதவைத் தட்டியதுதான் தாமதம், அது ஒரு சாண் திறந்தது. கசங்காத சட்டையோடு ஏஜென்ட் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தார்.

"செக் பண்ணிட்டு இருக்கேன். நீங்க வந்தா ஷாக் அடிக்கும். போங்கம்மா, நானே போட்டு விடுறேன்."

போட்டார். அக்கா மாடி ஏறுவதற்குள் மறுபடி விழுந்தது.

முன்பொருமுறை குழாயைப் பார்க்க அவர் திடுதிப்பென்று வீட்டுக்குள் வந்தபோது, "குடியிருக்கிறவங்க வீட்டுக்குள்ள சொல்லாம கொள்ளாம வரக் கூடாது. சட்டம் தெரியுமில்ல?" என்று அக்கா விரட்டியிருந்தார். அந்தக் காட்டத்தைத்தான் இப்போது காட்டுகிறார் போலும்.

லோடு குறையட்டும் என்று அக்கா ஃபிரிட்ஜை நிறுத்திப் பார்த்தார். பால் கெட்டதுதான் மிச்சம். எதிர்வீட்டு வாத்தியாரிடம் கெஞ்சி, அங்கிருந்து தன் வீட்டு லைனுக்கு வயர் இழுத்தார். அங்கேயும் கரண்ட் போனது. குளியலறையில் மீசையைத் திருத்திக்கொண்டிருந்த வாத்தியார், இருட்டில் கை தவறிப் பாதி மீசையோடு ஓடி வந்தார்.

"நான் எப்படி கிளாசுக்குப் போறது?"

"ஐயோ சார், மன்னிச்சிடுங்க! மின்சார ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க."

மின்சார ஆபீசிலிருந்து மீட்டர் பார்க்கும் பெண் வந்தாள். சின்ன உருவம், பெரிய குரல்.

"மீட்டரைப் பார்க்கிறது குடியிருக்கிறவங்க உரிமை. திறங்க சார்."

"சாவி... எங்கேயோ வெச்சுட்டேன்" என்றார் ஏஜென்ட்.

"உங்க சட்டைப் பையில தெரியுதே!"

கதவு திறந்தது. எல்லாரும் தபதபவென்று உள்ளே நுழைந்தார்கள். ஒரு பாய், தலையணை, மீட்டர்களுக்கு மேலே கயிற்றில் வரிசையாகச் சட்டைகள். அக்காவின் வீட்டு லைனிலிருந்து இழுத்த வயரில் ஆவி பறக்கும் இஸ்திரிப்பெட்டி.

ஏஜென்ட் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வீட்டுல சண்டைம்மா, வெளியே அனுப்பிட்டாங்க. ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிறேன், எனக்குக் கொடுக்க யாருமில்லை. வந்து மூணு மாசமாச்சு."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் சிரிப்பாகிவிட்டது. வயரைப் பிடுங்கிச் சுவிட்சைத் தூக்கினார். மாடியில் விளக்கு எரிந்தது. சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்!

"சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். உங்க சட்டையை நானே தேய்ச்சுத் தரேன். சரியா?"

ஏஜென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

மீட்டர் பெண் மட்டும் பாயை மிதித்திருந்த தன் காலைச் சட்டென்று எடுத்தாள்.

"அக்கா, வெளியே வாங்க. குடியிருக்கிறவர் வீட்டுக்குள்ள சொல்லாம கொள்ளாம நுழைஞ்சிருக்கிறது நாமதான்!"