ஓட்டுகிறவருக்கு வேறு வேலை கிடையாது

பிறந்தநாளன்று ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று முந்தின நாள் மாலையே சபதம் எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. காரணம் எங்கள் வண்டியின் பின்பக்கம் இருந்தது.

வண்டி என்றால் வெறும் வண்டி இல்லை, நகரும் வீடு. உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, நுழைந்தால் திரும்ப முடியாத கழிப்பறையும் உண்டு. கணக்கு டீச்சரான என் மனைவிக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், என் மூக்குக்கண்ணாடிக் கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு இருவரும் இதில் கிளம்பிவிடுவோம். அந்தக் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி. நிரம்பினால் சிவப்பு விளக்கு எரியும். உருவி எடுத்து, இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். அது என் வேலை. முந்தின நாள் மாலை அந்த விளக்கு எரிந்தது.

மற்றபடி எங்கள் வண்டியில் ஒரே சட்டம்தான். ஓட்டுகிறவருக்கு வேறு வேலை கிடையாது. சட்டம் போட்டது நான். ஓட்டுவதும் நான். சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவள். பெட்டியை மட்டும் தொடமாட்டேன் என்று முதல் பயணத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை எனக்குப் பிறவிக் குணம்.

எங்கள் பாதையிலேயே தொப்பிக்காரர் ஒருவரும் தன் வண்டியில் வந்துகொண்டிருந்தார். எங்கே தங்கினாலும் பொதுக் குழாயடியில் அந்தத் தொப்பி தெரியும். குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"பாவம், மனுஷன். வீட்ல ஒரு சட்டதிட்டம் இல்லன்னா இப்படித்தான்" என்றேன் மனைவியிடம்.

அவள் பதில் பேசவில்லை. கணக்கு டீச்சர் பேசாமல் இருந்தால் மனக்கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம். எத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்ன, எனக்கு அது உறைக்கவில்லை.

பிறந்தநாள் விடிந்தது. தேநீரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"பொறந்தநாளுக்கு என்னங்க வேணும்?"

"நிம்மதி போதும்மா. இன்னிக்கு நான் ஒரு வேலையும் செய்யப்போறதில்ல."

"தாராளமா."

"எந்த வேலையும்."

"பெட்டியும்தானே?"

"நீயா சொல்ற. நான் வாயே திறக்கல."

"பெட்டிய நானே பாத்துக்கறேன். ஆனா பேச்சு மாறக்கூடாது. எந்த வேலையும் செய்யமாட்டீங்க. சரியா?"

"சத்தியமா!"

அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பெட்டியை இழுத்துப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேநீர் தனி ருசியாக இருந்தது. இந்த மூளை எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஏரிக்கரைக்குக் கிளம்பலாம் என்று சாவியை எடுத்தேன்.

"சாவிய வைங்க" என்றாள்.

"ஏன்?"

"ஓட்டறது வேலையா, இல்லையா?"

"என்ன கேள்வி இது?"

"வேலைன்னா இன்னிக்கு நீங்க செய்யக்கூடாது, சத்தியம் பண்ணிருக்கீங்க. வேலை இல்லன்னா, இத்தனை வருஷமா ஒரு வேலையும் செய்யாம உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. அப்போ இந்த வேளைப் பாத்திரத்துலேருந்து ஆரம்பிச்சுடுங்க. எது வசதி?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"ஓட்டறது லேசுப்பட்ட வேலையா? உயிரைக் கொடுத்து ஓட்டறேன்!"

"அதான் சொல்றேன். பின்னாடி போய் ஓய்வா உக்காருங்க."

"கார் வேற, இது வேற. நீ பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓட்டற மாதிரி இல்ல."

"தெரியும். தினம் சொல்றீங்களே."

சாவியைக் கொடுத்துவிட்டேன். முதல் வளைவிலேயே "என்னங்க" என்று அலறுவாள். நான் எழுந்து போய்க் காப்பாற்றுவேன். பிறந்தநாளுக்கு அதைவிட நல்ல பரிசு ஏது? பின் இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, எப்போது கூப்பிடுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

வளைவு வந்தது, போனது. பாலம் வந்தது, போனது. எதிரே ஒரு லாரி வந்தது. அதுதான் ஒதுங்கிப் போனது.

"என்னங்க!"

துள்ளி எழுந்தேன். பெல்ட் இழுத்து உட்கார வைத்தது.

"அந்தப் பக்கம் பாருங்க, எத்தனை கொக்கு!"

பார்த்தேன். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு, இந்த உலகத்தில் ஓரங்களும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. காலை நீட்டினேன். முன்னாலிருந்து அவள் முணுமுணுப்பது கேட்டது.

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வளைவுல மிதிக்கக்கூடாது. பின்னாடி வாலு இருக்கறத மறக்கக்கூடாது."

அத்தனையும் என் வசனம்! ஓட்டும்போதெல்லாம் நான் பீற்றிக்கொண்டதை ஒன்று விடாமல் பாடமாக்கி வைத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. என் மனைவி, என் பாடம், என் வண்டி. வண்டியும் பால் குடித்த பிள்ளை மாதிரி அலுங்காமல் போனது.

ஏரிக்கரையில் மிச்சமிருந்தது இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு சந்து. நானாக இருந்தால் அவளைக் கீழே இறக்கி, "வாங்க, வாங்க, வாங்க… ஐயோ, நில்லுங்க!" என்று கத்தவிட்டு, முன்னும் பின்னுமாக ஊரையே கூட்டியிருப்பேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், ஒரே மடக்கில் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். இலைகூட உரசவில்லை. சுற்றியிருந்த வண்டிக்காரர்கள் கை தட்டினார்கள்.

"அருமை! யாருங்க ஓட்டுனது?" என்று கேட்டார் எங்களுக்கு முன்பே வந்திருந்த தொப்பிக்காரர்.

நான் கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். "என் மனைவி சார்! நான் கத்துக்கொடுத்தது! இவளை மாதிரி ஓட்ட இந்த ஏரிக்கரையில ஆளே கிடையாது, என்னையும் சேர்த்து!"

கடைசி இரண்டு சொல் பெருமையில் தானாக வழுக்கி விழுந்துவிட்டது.

அவள் நிதானமாக இறங்கி வந்தாள். "நிஜமாவா சொல்றீங்க?"

"இத்தனை பேர் முன்னாடி பொய்யா சொல்லுவேன்?"

"அப்போ இனிமே நானே ஓட்டவா?"

"ஓட்டு, ஓட்டு! ஆயுசு முழுக்க ஓட்டு!"

சாவியைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். "பொறந்தநாள் இன்னிக்கு ஒரு நாள்தான். அதுவரைக்கும் ஓய்வா இருங்க. நாளையிலேருந்து நம்ம சட்டம் ஞாபகம் இருக்கில்ல?"

மறுநாள் காலை பாத்திரக் கூடையோடு குழாயடிக்குப் போனேன். இனி சிவப்பு விளக்கு எரிந்தால் அதுவும் என் தலையில்தான். பக்கத்து வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தொப்பிக்காரரின் மனைவி செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, தேய்க்கும் நாரில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"எனக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள் அன்னிக்குச் சாவி போச்சு. உங்களுக்கு?"