தராசில் ஏறிய சூரன்

கல்யாணச் சீராக வந்த கட்டிலுக்கும் பீரோவுக்கும் வாய் கிடையாது. அதனால்தான் பல மாப்பிள்ளைகள் கடைசிவரை மானத்தோடு வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மாமனார் மகளோடு ஒரு வேட்டை நாயையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பருத்திக் கமிஷன் கடை. (விவசாயி கொண்டுவரும் பருத்தியை நிறுத்து, வாங்குகிறவருக்குக் கைமாற்றி, நடுவில் நின்றதற்குக் கூலி வாங்கும் புண்ணியத் தொழில்.) மாமனார் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரிசல்காட்டு விவசாயி. எங்கள் சனம்தான், நாங்கள் தராசோடு டவுனுக்கு வந்துவிட்டோம், அவர்கள் காட்டோடு இருந்துவிட்டார்கள். அவர்கள் குடும்பத்தில் பெண்ணோடு நாய் கொடுப்பது வழக்கம். கறுப்பு நிறம், நீண்ட மூஞ்சி, முதுகெலும்பைத் தொட்டுவிடுமோ என்று பயப்படும்படி ஒட்டிய வயிறு. பெயர் சூரன்.

அது வண்டியிலிருந்து இறங்கிய அன்றே எங்கள் கடைத் தரகர் சங்கையா ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சின்ன மொதலாளி, நாயி பாதிதான் வந்திருக்கு? மீதி அடுத்த வண்டியில வருதா?"

கூடவே வந்திருந்த மாமனாருக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். "வேட்டை நாயி அப்படித்தான்யா இருக்கும். கடைசி ரெண்டு விலா தெரியணும், அதான் லட்சணம். இடுப்பெலும்பு தெரிஞ்சாத்தான் ஏதோ கோளாறுன்னு அர்த்தம்" என்றார். புதுமாப்பிள்ளை மிதப்பில் இருந்த நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு எந்நேரமும் பந்தி நடக்கும் வீடு. பருத்தி கொண்டுவந்தவர், வாங்க வந்தவர், சும்மா வந்தவர் எல்லோருக்கும் அப்பாவோடு முதல் இலை. அதே பந்தியில் நாங்கள், அண்ணன் தம்பிகள். அப்புறம் பிள்ளைகள், அப்புறம் அம்மாவும் அத்தையும். எல்லோரும் கை கழுவிய பிறகு புது மருமகள் வடிவு, அதாவது என் மனைவி. வடிவுக்கும் பிறகு சூரன். இந்த வரிசை சரியா தவறா என்று யாரும் யோசித்ததில்லை. முதல் பந்தியில் உட்காருகிறவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

சித்திரை போய் வைகாசி வந்தபோது சூரனின் விலா எலும்புகள் எல்லாமே தெரிந்தன. ஆனியில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.  ஆடிக்கு மகளை அழைத்துப்போக மாமனார் வருவார். நாயைப் பார்ப்பார். 'கமிஷன் கடைக்காரன் வீட்டுல நாயிக்குக்கூடச் சோறு இல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருச்சுழி வரைக்கும் பரவிவிடும். அப்புறம் எவன் எங்கள் கடைக்குப் பருத்தி கொண்டுவருவான்? என்னை எவன் மாப்பிள்ளை என்று மதிப்பான்?

அம்மாவிடம் கேட்டேன். "தினமும் சட்டிய வழிச்சு அதுக்குத்தானடா வைக்கோம்! திங்கிற சோறு ஒடம்புல ஒட்டலைன்னா நான் என்ன செய்ய?" என்றாள்.

ஆகவே வைத்தியத்தில் இறங்கினேன். வயிற்றில் புழு என்றார் சங்கையா. அவர் பேச்சைக் கேட்டு விளக்கெண்ணெயைப் புகட்டினேன். அதன் பலன் அன்று மாலை விற்பனைக்குத் தயாராக இருந்த பருத்தி அம்பாரத்தின் மேல் தெரிந்தது. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அடுத்து என் சொந்த மூளை வேலை செய்தது. வண்டிமாடு எதைத் தின்று கொழுக்கிறது? பருத்திக்கொட்டை! நம்மிடம் இல்லாத பருத்திக்கொட்டையா? ஆட்டுரலில் ஆட்டிப் பாலெடுத்து, புண்ணாக்கும் கலந்து வைத்தேன். சூரன் முகர்ந்து பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. மாமனார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கவனித்த வடிவு ஒரே ஒருமுறை வாய் திறந்தாள்.

"அதுக்கு நோவு ஒண்ணும் இல்லைங்க. வயிறு நெறஞ்சாச் சரியாயிரும்."

"வைத்திய விஷயம் உனக்கு என்ன தெரியும்? போய் வேலையைப் பாரு" என்றேன். (அறிஞன் அல்லவா!)

வைத்தியம் பலிக்கிறதா என்று தெரிய வேண்டுமே. நிறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தராசுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? கடையில் பருத்தி மூட்டை நிறுக்கும் பெரிய தராசு விட்டத்தில் தொங்கும். சூரனைச் சாக்குக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி சாக்கின் வாயைக் கட்டி, ஒரு தட்டில் ஏற்றினேன். மறு தட்டில் படிக்கற்கள். அன்று பார்த்து நல்ல வரத்து. கூட்டம் கூடிவிட்டது.

சங்கையாவுக்குத் தராசில் எது ஏறினாலும் கை சும்மா இருக்காது. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். (சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்தே விலை பேசுவது தரகர் வழக்கம்.) அவர் விளையாட்டுக்குத்தான் பிடித்தார். பழக்கதோஷம், என் விரல்களும் பதிலுக்கு விலையைக் கூட்டிப் பேசின. "கட்டாது, கட்டாது" என்று தலையைக்கூட ஆட்டினேன்.

"என்ன வெலைக்கு மாப்ள போகுது?"

பின்னால் மாமனார். கையில் ஆடிச் சீர்ப் பலகாரக் கூடை.

அந்தக் குரலைக் கேட்டதும் சூரன் சாக்கோடு துள்ளியது. தட்டு கவிழ்ந்து, படிக்கற்கள் உருண்டு, ஒரு கல் சங்கையாவின் கால் பெருவிரலில் விழுந்தது. "ஆத்தாடி!" என்று அவர் ஒற்றைக் காலில் ஆட, கழுத்தில் சாக்கோடு சூரன் பருத்திக்குள் உழுதுகொண்டு போய் மாமனார் காலில் விழுந்தது. நானும் விழுந்திருக்கலாம். கூட்டத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"விக்கல மாமா... சும்மா நிறுத்துப் பாத்தேன்..."

 அவர் சாக்கை அவிழ்த்து, நாயின் முதுகெலும்பை விரலால் ஒருமுறை தடவினார். விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வடிவு தண்ணீர்ச் செம்போடு வந்தாள். கையை நீட்டியபோது மணிக்கட்டில் கிடக்க வேண்டிய வளையல் முழங்கைக்குச் சறுக்கிக்கொண்டு போனது. கல்யாணத்தன்று சோப்புப் போட்டு ஏற்றிய வளையல். நான் அதை அன்றுதான் பார்த்தேன். நாயின் இடுப்பெலும்பைத் தினமும் தொட்டுப் பார்த்தவன், பக்கத்திலேயே இருந்தவள் கையைப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டியா தாயி?"

"வயிறு நெறையச் சாப்பிட்டேம்ப்பா" என்றாள் வடிவு.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா மாப்ள? பொண்ணக் கேட்டா இதத்தான் சொல்லும். புகுந்த வீட்டு மானத்த விட்டுக்குடுக்காது. நாயிக்கு அந்த வெவரமெல்லாம் பத்தாது. அதான் நாங்க நாயயும் சேத்து அனுப்புறது."

அம்மா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். மாமனார் மகளையும் நாயையும் பஸ் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆடி முடிந்தது, ஆவணியும் பிறந்தது, இருவரும் திரும்பவில்லை. வெட்கத்தை விட்டு நானே எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். வாசலில் சூரன் பளபளவென்று படுத்திருந்தது. கடைசி இரண்டு விலா மட்டும் தெரிந்தது. மத்தியானம் ஆனதும் பந்தி தொடங்கியது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், பண்ணையாட்கள் எல்லோரும் உண்டார்கள். சூரனும் உண்டது. "செத்த இருங்க மாப்ள" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் மாமனார். கடைசியில் என் இலையில் விழுந்தது சட்டியின் அடியில் காந்தியிருந்த ஒரு பிடி சோறு.

"பத்தலையா மாப்ள? நாயி தட்டுல ஏதும் மிச்சம் கெடக்கான்னு பாக்கவா?"

மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு விருந்து எந்தச் சீமையிலும் நடந்திருக்காது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது வடிவு, தான் சாப்பிடாமல் வைத்திருந்த தட்டோடு வந்து உட்கார்ந்து, அதில் பாதியை என் இலையில் தள்ளினாள்.

"சூரனுக்கும் இப்படித்தான் வச்சேன்" என்றாள் மெதுவாக.

எனக்குப் புரையேறியது. காந்திய சோறுதான் காரணம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டேன்.

வடிவையும் சூரனையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும் முதல் பந்தியில் என் பக்கத்தில் வடிவுக்கு இலை போட்டேன். "ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமால்ல இருக்கு" என்று அம்மா முனகினாள். அப்பா சூரனைப் பார்த்தார், கடைக்கு வரும் ரெட்டியபட்டி வண்டிகளை நினைத்திருப்பார், பேசாமல் நகர்ந்து இடம் விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் இலைமுன் உட்கார்ந்தாலும், "நாயி தின்னுருச்சா?" என்று ஒரு குரல் வந்துவிடும். நாயே இல்லாத காலத்திலும் வந்தது.

என் மகள் கல்யாணத்துக்குக் கட்டில், பீரோவோடு ஒரு நாயும் கொடுத்தேன். எதற்கு என்று சம்பந்தி கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் என்றேன். ஆனால் இந்தக் கதையை மகள் மாப்பிள்ளையிடம் உளறிவிட்டாள். நான் போய் இறங்கினால் முதலில் நாயின் முதுகைத்தான் தடவுவேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அந்த நாய்க்கு எழுந்து நிற்கவே மூச்சு வாங்குகிறது. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து இளைக்க வையுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

"முடியாது டாக்டர். மாமா வந்து பாத்தார்னா என்ன நெனைப்பாரு?"