கோர்னீல் தூக்கிட்டுப் போன பதினாலு கிலோ

"எண்பத்தாறு கிலோன்னு போட்டா நீ எவ்வளவு மிதிச்சாலும் மேடு ஏறாது மச்சான்," என்றான் யோஸ்ட். அது உண்மைதான், அதான் கோர்னீலுக்கு அவ்ளோ கடுப்பு.

ஜனவரிக் குளிர்ல எங்க ஊரு ஜோட்டெகெம்ல வெளிய சைக்கிள் எடுக்க முடியாது. அதனால எங்க சைக்கிள் கிளப்பே அவங்கவங்க கராஜ்ல, நகராத சைக்கிள்ல உக்காந்து டிவியில தெரியுற மலைய ஏறிட்டிருந்துச்சு. எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம்னு மிஷினே வாட்ஸ்ல அளந்துக்கும். எடைய மட்டும் நாமளே டைப் பண்ணணும். சமதரையில கனமான ஆளுக்குப் பெருசா நஷ்டமில்ல. மேடு வந்தா ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்ஸுங்கிறதுதான் கணக்கு. அத வெச்சுத்தான் மிஷின் ஆளுங்கள A, B, C-ன்னு குரூப் பிரிக்கும், A-ல இருக்கிறவங்கதான் பெரிய புலிங்க.

யோஸ்ட் கசாப்புக் கடைக்காரன், கோர்னீல் பொண்டாட்டி லீஸ்பெத்தோட தம்பி. ரெண்டு பேருக்கும் பந்தயம். மூணு வியாழக்கிழமை, மூணு ரேஸ், அவங்கவங்க குரூப்ல யாருக்கு நல்ல எடம்னு பாக்கணும். தோத்தவன் வசந்தகாலம் முழுக்க ஜெயிச்சவன் சைக்கிளக் கழுவணும். எங்க ஊரு கல்லு ரோட்டுச் சேறு சும்மா இல்ல. போன வருஷம் தோத்த கோர்னீல் பல் தேய்க்கிற பிரஷ்ஷால யோஸ்ட் செயினத் தேய்ச்சான்.

அன்னைக்கு கோர்னீல் வீட்டுக்குப் போய் பாத்ரூம்ல இருந்த பழைய முள்ளு எடை மிஷின்ல ஏறி நின்னான். எண்பத்தாறு.

"இன்னும் எண்பத்தாறா?" லீஸ்பெத் கதவோரமா எட்டிப் பாத்தா. "அப்ப இன்னிக்கும் ஃப்ரைஸ் கிடையாது. சூப் இருக்கு."

"ஒரு வருஷமா சூப்தானே குடிக்கிறேன். முள்ளு அசைய மாட்டேங்குது."

"உன் உடம்பு வாகு அப்படி."

"இந்த டிரவுசர் எலாஸ்டிக் வேற லூசாயிருச்சு," என்று இடுப்புல இழுத்து விட்டுக்கிட்டு கராஜுக்குப் போனான். எடைன்னு கேட்ட எடத்துல எழுபத்தெட்டுன்னு போட்டான். யாரு பாக்கப் போறா?

முதல் வியாழன் மலைய ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி C குரூப்ல முதல் எடம். யோஸ்ட் நாலாவது.

"என்ன மச்சான், றெக்கை முளைச்சிருச்சா?"

"பயிற்சி மாப்ள, பயிற்சி."

மறுநாள் காலையில சைக்கிள் மிஷின்ல இருந்து வாழ்த்துச் செய்தி. கிலோவுக்கு மூணு புள்ளி மூணு வாட்ஸ் வருதாம், அதனால இனிமே B குரூப்பாம். அங்க இருக்கிறவனுங்க காலையில காபிக்கு முன்னாடியே நூறு கிலோமீட்டர் ஓட்டுறவனுங்க. ரெண்டாவது வியாழன் அவங்க முதுகு கூட அவன் கண்ணுல படல. கடைசி. யோஸ்ட் C-ல ரெண்டாவது. ஆளுக்கு ஒண்ணு.

எப்படியாவது C-க்குத் திரும்பணும். உண்மைய, அதாவது எண்பத்தாறப் போட்டாலே போதும். ஆனா பயத்துல கை தாராளமாயிருச்சு, தொண்ணூத்திரெண்டுன்னு போட்டான். மிஷின் உடனே C-ல சேத்துக்கிச்சு.

மூணாவது வியாழன் டிவியில இருந்த கோர்னீல் பொம்மைக்குத் தொப்பை வந்திருந்துச்சு. கராஜ்ல இருந்த கோர்னீலுக்கு மூச்சு வாங்குச்சு. அறுபத்திமூணு வயசு பேக்கரி கோதெலீவா கூட அவன முந்திட்டுப் போனாங்க. பதினொண்ணாவது எடம். யோஸ்ட் மூணாவது. பந்தயம் போச்சு.

அதோட விட்டிருக்கலாம். கேப்டன் ஹில்டெ விடல.

"மூணு வாரத்துல ஒரே ஆளு எண்பத்தாறு, எழுபத்தெட்டு, தொண்ணூத்திரெண்டு," என்றாங்க போன்ல. "சனிக்கிழமை யோஸ்ட் கடைக்கு வா. எல்லார் முன்னாடியும் எடை. பொய்னா டீம்ல இருந்து தூக்கிருவேன்."

கடைசியா எழுதினது தொண்ணூத்திரெண்டு. அத நிரூபிச்சா டீம்லயாவது இருக்கலாம். சனிக்கிழமை காலையில ஜெர்சிக்குள்ள நாலு ஸ்பானர், ஒரு பழைய செயின், ரெண்டு பாட்டில் நிறையத் தண்ணி, சாக்ஸ்ல பெடல் ஒண்ணு. பாத்ரூம் மிஷின்ல ஏறிப் பாத்தான். கரெக்டா தொண்ணூத்திரெண்டு.

கசாப்புக் கடையில முழுப் பன்றிய நிறுக்குற தராசு. கிளப்பே காபியும் கையுமா நின்னுச்சு. கோர்னீல் கணகணன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஏறினான்.

"எண்பத்தி நாலு," என்றான் யோஸ்ட்.

கோர்னீல் முகம் வெளுத்துருச்சு. "உன் தராசு தப்பு."

"அரசாங்க முத்திரை இருக்கு மச்சான். பன்னிங்க யாரும் இதுவரைக்கும் புகார் பண்ணல."

"கோர்னீல்," என்றாங்க ஹில்டெ, "உன் வயித்துல என்ன சத்தம்?"

இனி மறைச்சு என்ன ஆகப் போவுது. ஸ்பானரா எடுத்து கவுன்ட்டர்ல தொத்திறைச்சி பக்கத்துல வெச்சான். செயின். பாட்டில். சாக்ஸ்ல இருந்து பெடல் வந்தப்ப கோதெலீவா காபிய மூக்கால குடிச்சாங்க. டிரவுசரும் எறங்கப் பாத்துச்சு, ஒரு கையால புடிச்சுக்கிட்டான். முள்ளு எறங்கி, எறங்கி, நின்னுச்சு.

எழுபத்தெட்டு.

கோர்னீல் குனிஞ்சு பாத்தான், எறங்கினான், மறுபடி ஏறினான். எழுபத்தெட்டேதான்.

"அப்ப முதல் வாரம் போட்டது உண்மை," என்றாங்க ஹில்டெ மெதுவா. "மூணாவது வாரம்தான் பதினாலு கிலோவ சும்மா மலை மேல தூக்கிட்டுப் போயிருக்க."

"ஆனா வீட்டுல எண்பத்தாறு காட்டுச்சே. ஒரு வருஷமா எண்பத்தாறு."

தொத்திறைச்சி வாங்க வரிசையில நின்ன லீஸ்பெத் பர்ஸ மூடினா.

"அந்த மிஷினுக்கு அடியில ஒரு சின்னச் சக்கரம் இருக்கு," என்றா. "நீ ஒரு கிலோ குறையும்போதெல்லாம் நான்தான் ஒரு கிலோ ஏத்தி வெப்பேன். குறைஞ்சது தெரிஞ்சா கொண்டாடுறேன்னு நேரா ஃப்ரைஸ் கடைக்குப் போயிருவியே."

ஏப்ரல் வந்தாச்சு, யோஸ்ட் சைக்கிள் முழுக்கச் சேறு, தோத்தவன்தான் கழுவணும்னு யோஸ்ட், மிஷினத் திருகினவதான் கழுவணும்னு கோர்னீல், பொய் எழுதினது நானான்னு லீஸ்பெத், மூணு பேரும் இன்னும் கராஜ்ல நின்னு வாதாடிட்டிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, பிரஷ்ஷ யாரு கையில குடுக்கலாம்?