பன்னிரண்டு வீதம் வேகம்

நாற்பத்தொரு செக்கன். மறுபடியும் நாற்பத்தொரு செக்கன்.

வெள்ளி இரவு, உருத்திரமூர்த்தி கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் ஓடியது. கொம்பியூட்டர் திரையில் படத்தை வேகமாகக் காட்டுவதற்கென்று சிவப்புப் பெட்டியில் வந்த வீஜீஏ கார்டைப் போட்டாலும், பச்சைப் பெட்டியில் வந்ததைப் போட்டாலும், மாத்தளை மாவட்ட வரைபடம் திரையில் முழுசாக விரிய ஒரே நேரம்தான் எடுத்தது.

"ரெண்டும் ஒண்ணுன்னே எழுதிக் குடுத்துடுங்களேன்," என்றாள் மனைவி பாலேஸ்வரி.

"அப்படி எழுதினா நான் பார்க்கவே இல்லன்னு மேலதிகாரி சொல்லுவார். அதுக்கப்புறம் வில்கமுவவுக்கு மாத்தல்தான்."

வில்கமுவ என்றதும் பாலேஸ்வரி தாளையும் பேனையையும் எடுத்து அவரிடமே நீட்டினாள். போன பஸ் எப்போது திரும்பும் என்று பஸ்காரனுக்கே தெரியாத இடம் அது.

உருத்திரமூர்த்தி மாத்தளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்தேழு வருஷமாக வரைபடம் கீறுபவர். மையும் பேனையுமாக இருந்த கந்தோருக்குக் கொம்பியூட்டர் வந்துவிட்டது. வரைபடம் திரையில் சட்டென்று தெரிய எட்டு கார்டுகள் வாங்க வேண்டும். சிவப்பா பச்சையா என்பதுதான் கேள்வி. வீட்டில் சொந்தமாகக் கொம்பியூட்டர் இருக்கிறது என்று தேநீர் நேரத்தில் பெருமையடித்தவர் அவர் ஒருவரே. அதனால் வேலை அவர் தலையில் விழுந்தது.

"எது நல்லது, நூத்துக்கு எத்தனை வீதம் நல்லது, திங்கக்கிழமை ஒரு பக்கத்துல வேணும்," என்றிருந்தார் மேலதிகாரி இராசலிங்கம். "இதெல்லாம் சரிவராதுன்னா சொல்லிடுங்க. வில்கமுவவுல ஒரு ஆள் கேக்குறாங்க. அங்க இன்னும் பேனையும் மையும்தான்."

கார்டுகளை மாதிரிக்கென்று கொடுத்த கடைக்காரர் அப்துல் ஸமத் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பாத்துட்டு ரெண்டையும் திருப்பித் தந்துடணும் சேர். ஸ்டிக்கர், மூடி, பொலித்தீன் ஒண்ணும் போகப்படாது. போனா நான் அத யாருக்கு விக்கிறது?"

இதை உருத்திரமூர்த்தியிடம் சொல்லவே தேவையில்லை. பலாபத்வலவில் அவர் வீட்டில், புதிதாக வந்த எதற்கும் உறை கழற்றும் வழக்கம் கிடையாது. டீவி ரிமோட் நாலு வருஷமாகப் பொலித்தீன் பைக்குள் இருந்தபடியே வேலை செய்தது. கதிரைகளில் யாராவது உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். பிரிட்ஜின் விலைச்சீட்டுக்கூட அப்படியே இருந்தது. அதனால் கார்டுகளையும் கைக்குழந்தையைப் போலவே பிடித்து உள்ளே வைத்தார், எடுத்தார். மற்ற எதிலும் கை வைக்கவில்லை. கை வைத்தால்தான் பழுதாகும் என்பது அவர் கொள்கை.

சனிக்கிழமை, முழு இலங்கையின் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். சிவப்பு இரண்டு நிமிஷம் பதினெட்டு செக்கன். பச்சையும் இரண்டு நிமிஷம் பதினெட்டு செக்கன்.

வங்கியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் கணபதி வந்து பார்த்துவிட்டு, எல்லாம் சூட்டினால் வருவது என்று தீர்ப்புச் சொன்னார். தன் வீட்டு மேசை மின்விசிறியையும் கொண்டுவந்து கொம்பியூட்டருக்கு நேரே வைத்தார். கார்டுகளின் வேகம் கூடவில்லை. உருத்திரமூர்த்தி எழுதி வைத்திருந்த கணக்குத் தாள்கள்தான் வேகமாகப் பறந்து, பாலேஸ்வரியின் பருப்புச் சட்டியில் இறங்கின.

ஞாயிற்றுக்கிழமை கணபதி கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றோடு வந்தார். ஒரு கார்டில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்தவர் பகல் சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டார். கார் இரண்டிலும் விக்கி விக்கித்தான் ஓடியது. ஆனாலும் சிவப்பில் வளைவு நன்றாக வெட்டுகிறது என்றார் கணபதி. அவரைத் தேடி வந்த மனைவி புஷ்பவதி, பச்சையில்தான் ரோடு தெளிவாகத் தெரிகிறது என்றாள். இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

உருத்திரமூர்த்திக்கு அழுகை வரும் போலிருந்தது. கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். பாலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பச்சை.

'பச்சை, பன்னிரண்டு வீதம் வேகம்' என்று கந்தோர் வழக்கப்படி சிங்களத்தில் அழகாக எழுதினார். பத்து என்றால் ஊகம் மாதிரி இருக்கும், பதினைந்து என்றால் பேராசை. பன்னிரண்டில் ஒரு நேர்மை தெரிந்தது.

திங்கள் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், யுத்த காலம். பைக்குள் சின்ன விசிறி வைத்த இரண்டு மின் பலகைகள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். நினைத்து முடிப்பதற்குள் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது.

எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். சிப்பாய் பையைத் திறந்தார், உருத்திரமூர்த்தியின் முகத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், மறுபடி பைக்குள் பார்த்தார்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வரைபடம் வேகமாப் பார்க்க," என்றார் உருத்திரமூர்த்தி.

"எந்த இடத்து வரைபடம்?"

"முழு இலங்கையும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. அவசரமாக அறிக்கையை எடுத்து நீட்டினார். கந்தோர், இராசலிங்கம், எட்டு கார்டு, மூன்று நாள் சோதனை, பஸ் இல்லாத வில்கமுவ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சிப்பாய் அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"நானும் வில்கமுவதான் மாத்தயா," என்றார் மரியாதையாகவே. "நீங்க சொல்ற அளவுக்கு மோசமில்ல."

உருத்திரமூர்த்தி அவசரமாகத் தலையாட்டினார். சிப்பாயோ ஒரு கார்டை வெளியே எடுத்து, ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்றதையும் அப்படியே பார்த்தார். பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் குருநாகலில் மூன்று வருஷம் கொம்பியூட்டர் திருத்தியவராம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். கார்டுகளைப் பத்திரமாகப் பெட்டிகளில் வைத்து, பையை மூடிக் கொடுத்து, போகச் சொல்லிக் கை காட்டினார்.

உருத்திரமூர்த்திக்கு உயிர் திரும்பி வந்தது. பாலேஸ்வரியையும், சாமியையும், பன்னிரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டார். இனி இராசலிங்கத்திடம் தாளைக் கொடுப்பதுதான் மிச்சம். நடத்துநர் அவசரப்படுத்த, ஓடிப்போய் மிதிபலகையில் கால் வைத்தார்.

"மாத்தயா," என்று பின்னாலிருந்து கூப்பிட்டார் சிப்பாய். "மொனிட்டர் வயர் குத்துற வாயில ரெண்டு கார்டுலயும் மூடி கழட்டாமலே இருக்கு. வயர் பழைய வாயிலயேதான் இருந்திருக்கு, கார்டுக்கு வரவே இல்ல. மூணு நாளா நீங்க உங்க பழைய கொம்பியூட்டரை அதோடவே போட்டிக்கு விட்டுப் பார்த்திருக்கீங்க."