எல்லாருக்கும் சேர்த்து நான்கு நிமிடம்

அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள்: அதிகாரி, கண்காணிப்பாளர், எழுத்தர், தட்டச்சு அம்மா, டோக்கன் கொடுக்கும் நான். ஐந்து பேர். பெஞ்சில் லாரி ஓட்டுநர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தையற்காரர், பாகப்பிரிவினைக்காக வந்த அண்ணன் தம்பி, கடைசியாக இஸ்திரி போடும் பெண். ஆறு பேர். மொத்தம் பதினொன்று. சுவர்க் கடிகாரம் ஓடி இரண்டு வருடமாகிறது. நேரம் சொன்னது என் கைக்கடிகாரம்.

இஸ்திரிப் பெண்ணுக்கு வேண்டியது இருப்பிடச் சான்றில் ஒரு கையெழுத்து. எதிர்த் தெருப் பள்ளியில் அவள் மகளுக்கு விடுதியோடு ஓர் இடம் இருந்தது. ஒரு மணிக்குள் சான்று போய்ச் சேராவிட்டால் அது அடுத்த பிள்ளைக்கு.

பத்து மணிக்குத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேலைப்பளுவால் நேரமே இல்லாத ஊழியர்களின் நலன் கருதி, அதிதீவிர இடைவெளிப் பயிற்சி உடனடியாக அமலுக்கு வருகிறது. இருபது வினாடி முழு வேகத்தில் ஓட்டம், பத்து வினாடி ஓய்வு. இப்படி எட்டுச் சுற்று. ஆளுக்கு நான்கே நிமிடம். வளாகத்தில் உள்ள அனைவரும் முடித்த பிறகே கோப்புகளைத் தொட வேண்டும்.

நான்கு நிமிடத்துக்கு நேரமில்லை என்பதைப் பற்றி அதிகாரியும் கண்காணிப்பாளரும் இரண்டு மணி நேரம் ஆலோசித்தார்கள்.

"நான் லீவுல போனா என் வேலையை யார் பார்ப்பாங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான் சார், பொறுப்பு."

"அப்ப இதையும் பொறுப்பா நீங்களே பார்த்துடுங்க."

கண்காணிப்பாளர் தன்னுடையதையும் சேர்த்து எழுத்தரிடம் ஒப்படைத்தார். எழுத்தர் மூன்றாக்கித் தட்டச்சு அம்மாவிடம் தள்ளினார். அந்த அம்மா நான்காக்கி என் மேஜையில் வைத்தார். எனக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டேன்.

கண்காணிப்பாளர் சுற்றறிக்கையை மறுபடி படித்தார். "வளாகத்தில் உள்ள அனைவரும்னு போட்டிருக்கே. பெஞ்சுல இருக்கறவங்களும் வளாகத்துலதானே இருக்காங்க?"

ஓட்டுநருக்கு முதுகு. தையற்காரருக்கு மூச்சு. தலைமையாசிரியருக்கு வயது. அண்ணனும் தம்பியும் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அன்றுதான் முதல் முறையாக ஒரே குரலில், "எங்களால முடியாதுங்க" என்றார்கள். எல்லார் கண்ணும் பெஞ்சின் கடைசிக்குப் போனது.

"எல்லாருக்கும் சேர்த்து நானே ஓடிடறேன் சார். என் தாளை மட்டும் முதல்ல எடுத்துக்குங்க."

"தாராளமா போங்கம்மா" என்று ஐந்து பேரும் வழிவிட்டார்கள்.

ஓட இடம் மாடிப்படிதான்; படி இருபத்திரண்டு. பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு அவள் செருப்பைக் கழற்றினாள். பதவி வரிசைப்படி அதிகாரியின் நான்கு நிமிடம் முதலில். எண்ணிப் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே குறிப்பது நான்.

அதிகாரி அறையிலிருந்து தலையை நீட்டினார். "இப்ப யாரோடது ஓடுது?"

"உங்களோடதுதான் சார். ஆறாவது சுற்று."

"கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லுங்க. டாக்டர் எனக்கு எட்டு கிலோ குறைக்கணும்னு சொல்லியிருக்கார்."

தலைமையாசிரியரின் முறை வந்தபோது அவர் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். "காலை நல்லாத் தூக்கி வைம்மா. என் பேர்ல சோம்பேறித்தனம் தெரியக் கூடாது." தம்பி என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டான்: "அண்ணனுக்கு ஓடினதைவிட எனக்கு ஒரு படி கூட ஓடுவாங்களா?"

பதினோராவதாகத் தன் பங்கையும் ஓடி முடித்தாள். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அதிகாரியின் மேஜையில் தாளை வைத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"சுற்றறிக்கையில கடைசிப் பத்தியைப் பாரும்மா. பயிற்சி முடிஞ்சதும் கால் மணி நேரம் முழு ஓய்வு. கட்டாயம்."

"ஓடினது நான்தானே சார்?"

"பதிவேட்டுல யார் பேர் இருக்கு?"

"உங்க பேரு."

"அப்ப ஓய்வு யாருக்கு?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தாள். "உங்களுக்காக நான் ஓடலாம்னா, உங்களுக்காகக் கையெழுத்தையும் நானே போட்டுக்கறேன் சார்."

அதிகாரி கண்ணைத் திறந்துவிட்டார். "என்னம்மா இப்படிப் பேசறே? கையெழுத்து பொறுப்பான வேலை. ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்யறதா?"

பெஞ்சில் இருந்தவர்கள், அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள்.

கால் மணி நேரம் கழித்து அவர் எழுந்து, சோம்பல் முறித்து, உடம்பு லேசாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மணி ஒன்று மூன்று. ஜன்னல் வழியே எதிர்த் தெரு தெரிந்தது. பள்ளிக் காவலாளி கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

அவள் தாளை நான்காக மடித்தாள். செருப்பைத் தேடினாள். அது அண்ணன் காலடியில் கிடந்தது. அவர் காலை நகர்த்தினார்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. நூறு சதவீதப் பங்கேற்பு எங்கள் அலுவலகத்தில் மட்டும்தானாம். அதை எழுத்தர் சட்டம் போட்டு, நின்ற கடிகாரத்துக்குக் கீழே மாட்டினார். "அந்த இஸ்திரிக்காரம்மா மறுபடி எப்ப வருவாங்க?" என்று அதிகாரி விசாரித்தார்.

அன்றைய பதிவேட்டைக் கூட்டி முடித்தவன் நான். எண்பத்தெட்டு ஓட்டம், பதினொரு பெயர். என் பெயர் ஐந்தாவது. முட்டி அன்று வலிக்கவில்லை என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பதினொன்றில் ஓடியவர் ஒருவர். மீதி பத்து.